வீல்சேருக்குப் பக்கத்தில் ஒரு பாட்டுப் பெட்டி

மேத்யூவின் காடி வருவதை, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே சுங்கை பினாங் பிளாட்காரர்கள் தெரிந்துகொள்வார்கள். முதலில் மாடிப்படிக் கைப்பிடி லேசாக அதிரும். பிறகு கீழ்த்தளத்தில் யார் வீட்டிலாவது கண்ணாடி அலமாரிக்குள் கோப்பைகள் உரசிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் அந்தச் சின்ன வெள்ளை விவா வளைவில் திரும்பி உள்ளே வரும். கார் என்னவோ சின்னதுதான். ஆனால் அதன் பின்பக்கம் முழுக்க, ஒரு துணிப்பை வைக்கக்கூட இடமில்லாமல், கறுப்புக் கம்பளம் ஒட்டிய பெரிய மரப்பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. பெட்டிக்குள் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் இரண்டு ஊஃபர் ஸ்பீக்கர்கள். பாசார் போய் வந்தால் அவன் மனைவி கிளாடிஸ் காய்கறிப் பைகளை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவாள்.

மேத்யூ பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு கெடாவுக்கும் ஈப்போவுக்கும் லோரி ஓட்டினான். ஐம்பதை நெருங்கும் வயது. பருத்த உடம்பு, குறைவான பேச்சு. பாட்டின் வரிகள் அவனுக்கு ஒரு பாட்டுக்கும் முழுசாகத் தெரியாது. அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்த அடித்தொண்டைச் சத்தம், வயிற்றுக்குள் வந்து விழுகிற அந்தத் தும் தும். வேலை முடிந்து விவாவில் ஏறி அதைப் போட்டதும் தோள் இரண்டும் தானாக இறங்கும் என்று சொல்வான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது மட்டும் கோயில் தெருமுனையிலேயே குறைத்துவிடுவான்.

இனிப்பு நீர் வியாதி இருப்பது அவனுக்குத் தெரியும். நீண்ட ஓட்டத்துக்குப் போனால் மாத்திரையை மறந்துவிடுவான், அல்லது மறந்த மாதிரி இருந்துவிடுவான். ஒருநாள் வேலை முடிந்து சப்பாத்தைக் கழற்றும்போது இடது காலுறை பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு சின்னக் கல். எத்தனை நாளாக அதை மிதித்துக்கொண்டிருந்தானோ, அவனுக்கு வலியே தெரியவில்லை. கிளாடிஸ் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனாள். ஆஸ்பத்திரியில் முதலில் விரல் என்றார்கள், பிறகு பாதம் என்றார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அவன் வார்டில் படுத்திருந்த நாட்களில் கிளாடிஸ் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருந்தது. அவள் ஜெலுத்தோங்கில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிராணி. லைசன்ஸ் இருந்தது, அதனால் காரை அவள்தான் ஓட்டவேண்டும். அவனை வீட்டுக்குக் கூட்டிவரும்போது கூடவே ஒரு வீல்சேர் வரும் என்று தாதி சொல்லியிருந்தாள். வீல்சேரை மடக்கி, பின்சீட்டில் ஒரு பாதியைச் சாய்த்தால் விவாவுக்குள் போகும். பெட்டி இருந்தால் போகாது. அவள் போனில் படம்போட்டு விளம்பரம் கொடுத்தாள். பாகான் டாலாமிலிருந்து இரண்டு பேர் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மேத்யூவிடம் அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டாள்.

வீட்டுக்குத் திரும்புகிற நாள், ஆஸ்பத்திரி வாசலில் அவனைக் கைத்தாங்கலாக முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டு அவள் பின்கதவைத் திறந்தாள். வீல்சேரின் இரும்பு, தகரத்தில் இடிக்கிற சத்தம் கேட்டது. மேத்யூ திரும்பிப் பார்த்தான். பெட்டி இருந்த இடத்தில் பெட்டி இல்லை. அடியில் சாம்பல் நிறக் கம்பளம். அதில் பெட்டியின் அளவுக்கு மட்டும் வெயில் படாமல் கருமையாக ஒரு சதுரம். அவன் முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நாற்காலி வைக்க இடம் வேணும்ல, அதான்," என்றாள் கிளாடிஸ், காரை எடுத்துக்கொண்டே.

"ம்," என்றான்.

அதற்கப்புறம் பல மாதங்களுக்கு அந்த வீட்டில் பேச்சு அந்த 'ம்' அளவுக்குத்தான் இருந்தது. சண்டை இல்லை. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, தண்ணீர் வேண்டுமா என்கிற பேச்சு மட்டும். செயற்கைக் கால் ஒன்று கொடுத்தார்கள். போட்ட அன்றே வலிக்கிறது என்று கழற்றி அலமாரிக்குப் பின்னால் சாய்த்துவைத்தான். காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது டிவி முன்னால் இருப்பான். அவள் திரும்பி வரும்போதும் அங்கேயே இருப்பான். கூட வேலை செய்தவர்கள் வந்தால் தூங்குகிறேன் என்று சொல்லச் சொல்வான். கோயிலுக்கும் வருவதில்லை. பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து நன்மை அப்பம் கொடுத்துவிட்டுப் போனார்.

கிளாடிஸ் பொறுமைசாலிதான், ஆனால் அவள் பொறுமைக்கும் ஒரு எல்லை இருந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் கைப்பையை மேசைமேல் போட்டுவிட்டு, டிவியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு ஒரு சவுண்ட் கடைக்குப் போனேன்."

மேத்யூ அவளைத் தாண்டி டிவியைப் பார்க்க முயன்றான்.

"சின்னதா ஒரு பெட்டி போட முடியுமான்னு கேட்டேன். அந்தக் கடைக்காரன் காடிய வந்து பார்த்தான். 'அக்கா, வீல்சேரா பெட்டியா, ஒண்ணச் சொல்லுங்க, விவாவுல ரெண்டும் போகாது லா'ன்னுட்டான்."

"யாரு உன்னக் கேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. இந்த வீட்டுல சத்தமே இல்ல. எனக்குக் காது அடைச்ச மாதிரி இருக்கு. அதான் போனேன்."

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மேத்யூ கூடத்திலிருந்தே கேட்டான்: "ரெண்டும் போகாதுன்னு எவன் சொன்னான்? டேப்பு வச்சு அளந்தானா?"

"இல்ல. சும்மா எட்டிப் பார்த்தான்."

"எட்டிப் பார்த்தா என்னா தெரியும்? என்னைக் கீழ கூட்டிட்டுப் போ."

லிஃப்டில் இறங்கி, கார் நிறுத்துமிடத்துக்குப் போனார்கள். அவனைப் பக்கத்துத் திண்டில் உட்காரவைத்து, வீல்சேரை மடக்கி உள்ளே வைக்கச் சொன்னான். அவள் வைத்தாள். அவன் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தான். வீல்சேரின் பெரிய சக்கரம் வட்டமானது; கார் மூலை சதுரம். இடது பக்கத்தில், டயர் மேடு எழும்புகிற இடத்திலிருந்து ஜன்னலுக்குக் கீழே வரை, கோணல்மாணலாக ஒரு பொந்து மிச்சமிருந்தது. அங்கே ஒரு மரப்பெட்டியை வைக்க முடியாது. பலகை நேராகத்தான் நிற்கும், அந்த மூலையிலோ ஓர் இடம்கூட நேர் இல்லை. ஆனால் ஃபைபர்கிளாஸ் என்றால் கதை வேறு. துணி மாதிரி இருக்கும் கண்ணாடி இழையை அந்த மூலைக்குள்ளேயே ஒட்டி, ரெசின் பசை பூசி இறுகவிட்டால், மூலையின் உருவத்திலேயே ஓடு ஒன்று வந்துவிடும். அதற்கு முன்பக்கம் மூடிவிட்டால் பெட்டி. பெரிய ஊஃபர் இல்லாவிட்டாலும் சின்னதாக ஒன்று அடங்கும்.

"போடலாம்," என்றான் மேத்யூ. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் முகத்தில் கிளாடிஸ் அப்படி ஒரு கவனத்தைப் பார்த்ததில்லை.

ரெசினும் இழையும் காஜா மொய்தீனிடம் கிடைத்தன. காஜா ஜெலுத்தோங்கில் மோட்டார்சைக்கிள் பட்டறை வைத்திருப்பவன். விழுந்து உடைந்த பைக்குகளின் மேல்மூடிகளை ஃபைபர் வைத்து ஒட்டுவது அவன் வேலையில் ஒரு பங்கு. மேத்யூ முன்பு வைத்திருந்த பைக்கை அவன்தான் பழுது பார்த்தான். "நானே செஞ்சு தாறேண்ணே," என்றான். மேத்யூ ஒத்துக்கொள்ளவில்லை. போனில் ஒன்றுக்குப் பத்து வீடியோ பார்த்துவிட்டிருந்தான்.

சனிக்கிழமை காலை, பிளாட்டின் கார் நிறுத்துமிடத்திலேயே ஆரம்பித்தான். மூலை முழுக்க டேப் ஒட்டி, அதன்மேல் அலுமினியத் தாள் ஒட்டச் சொன்னான். கிளாடிஸ் அவனுக்காக உள்ளே எட்டி எட்டி ஒட்டினாள், ரெசின் பூசினாள். அவன் வீல்சேரில் இருந்தபடி இங்கே, அங்கே என்று கைகாட்டினான். வீல்சேரில் உட்கார்ந்தால் அவன் கண்ணுக்கு அந்த மூலையின் அடி தெரியவில்லை. அதனால் பாதி வேலை குத்துமதிப்பாகத்தான் நடந்தது.

ரெசின் வாடை பொல்லாத வாடை. மூக்கைத் துளைத்து நெற்றிக்கு ஏறும். கொஞ்ச நேரத்தில் மூன்றாம் மாடியிலிருந்து அதிரா இறங்கி வந்தாள். இடுப்பில் அவள் சின்ன மகள், மார்பு ஏறி இறங்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இவளுக்கு மூச்சிழுப்பு இருக்கு. ஜன்னலெல்லாம் அடைச்சுட்டேன், அப்படியும் வாடை வருது."

மேத்யூ அந்தக் குழந்தையைப் பார்த்தான். உடனே டப்பாவை மூடச்சொன்னான். "மன்னிச்சுக்கம்மா. எனக்குத் தோணல. இனிமே இங்க செய்யமாட்டேன்." பூசினது வரைக்கும் அப்படியே விட்டுப் பின்கதவைச் சாத்தினார்கள். மதியம் மழை பிடித்துக்கொண்டது, மறுநாளும் விடவில்லை. அவன் ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரைக் குறைவாகக் கலந்திருந்தான், ஈரக்காற்றும் சேர்ந்துகொண்டது. திங்கட்கிழமை தொட்டுப் பார்த்தபோது மென்று துப்பின சூயிங்கம் மாதிரி பிசுபிசுத்தது. போதாததற்கு, டேப் விலகின ஓரிடத்தில் கசிந்து, பின்விளக்கு மூடியைக் காரோடு ஒட்டிவைத்திருந்தது. உரித்தபோது மூடி உடைந்தது. எல்லாவற்றையும் பையில் கட்டிக் குப்பையில் போட்டார்கள்.

மேத்யூ மறுபடியும் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவான் என்று கிளாடிஸ் பயந்தாள். அவன் காஜாவுக்குப் போன் போட்டான்.

"அடோய், நான்தான் அன்னைக்கே சொன்னேனே," என்றான் காஜா. "இங்க வாங்க. கடைக்குப் பின்னாடி கூரை போட்ட இடம் இருக்கு, காத்து நல்லாப் போகும். பின்சந்து வழியா காடி வந்துரும். ஆனா அண்ணே, வீல்சேர் கஷ்டம். தரையெல்லாம் ஜல்லி."

போனை வைத்துவிட்டு மேத்யூ அலமாரிப் பக்கம் பார்த்தான். பிறகு கிளாடிஸைக் கூப்பிட்டு, அலமாரிக்குப் பின்னால் இருப்பதை எடுத்துத் தரச்சொன்னான்.

செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு ஜல்லியில் நடப்பது லேசான காரியமில்லை. முதல்நாள் காஜாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, காரிலிருந்து ஒரு பழைய டயர் அடுக்கு வரை போய் உட்கார்ந்தான். வேர்வை ஊற்றியது. ஆனால் நின்றால்தான் காரின் பின்பக்கம் குனிய முடியும், குனிந்தால்தான் அந்த மூலை தெரியும். இரண்டு முழங்கைகளையும் உள்ளே ஊன்றி, நல்ல காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, தானே டேப் ஒட்டினான். தானே இழையை வெட்டி வைத்து, தூரிகையால் ரெசினைத் தட்டித் தட்டி இறக்கினான். இந்தமுறை ஹார்ட்னரைக் காஜா அளந்து கொடுத்தான். கடைக்கு வருகிற ஆட்கள் எட்டிப் பார்த்து விசாரித்தார்கள். காலைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. என்ன ஊஃபர், என்ன எம்ப்ளிஃபயர் என்றுதான் கேட்டார்கள். மேத்யூ பதில் சொன்னான். வீட்டில் ஒரு மாதத்தில் பேசாததை அங்கே ஒரு மதியத்தில் பேசினான்.

ஓடு நன்றாக வந்தது. காஜா ஓரத்தில் ஆணிக்கம்பியைக் கொடுத்து நெம்ப, மூலையின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே கழன்றது. டயர் மேட்டின் வளைவு, ஒரு போல்ட்டின் தலை, காருக்குள் இருக்கும் கம்பளத்தின் மடிப்பு வரைக்கும் அதில் பதிந்திருந்தது. மேத்யூ அதைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டே இருந்தான்.

அந்த வாரம் துணி துவைக்கும்போது கிளாடிஸ், அவன் வெட்டுண்ட காலுக்குப் போடும் உறையில் கறையைப் பார்த்தாள். காய்ந்த ரத்தம். அவள் ஈர உறையைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு வந்தாள்.

"காட்டுங்க."

"ஒண்ணுமில்ல. லேசா தோல் உரிஞ்சிருக்கு."

"காட்டுங்கன்னு சொல்றேன்ல!"

அவன் காட்டினான். வெட்டுண்ட காலின் நுனியில் காசு அகலத்துக்குப் புண். 

"ஒரு கல்லுல ஒரு காலு போச்சு. இப்ப ஒரு பெட்டிக்காக மிச்சத்தையும் குடுக்கப் போறீங்களா? உங்களுக்கு வலிக்காது. எனக்கு வலிக்குது!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இந்தத் தடவை அவனுக்கு வலித்தது, முதல் நாளிலிருந்தே வலித்தது. சொன்னால் நிறுத்தச் சொல்லிவிடுவாள் என்றுதான் சொல்லாமல் இருந்தான். அதை அவளிடம் சொன்னான். அவள் புண்ணுக்கு மருந்து போட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

செயற்கைக் கால் பொருத்துகிற பிரிவில் சலேஹா என்கிற பெண்மணி பார்த்தார். கோபப்படவில்லை. "உங்க கால் வத்திப்போச்சு அங்கிள். கால் நுழையற பழைய குழி இப்ப லூசா இருக்கு. உள்ள ஆடுது, உரசுது, புண்ணாகுது. வலிச்ச அன்னைக்கே வந்திருந்தா மாத்திக் கொடுத்திருப்பேன்," என்றார். புதிதாக அளவெடுத்தார். அவர் அவன் காலைச் சுற்றி ஈரமான மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி, இறுகவிட்டு, ஓடாகக் கழற்றியதை மேத்யூ வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். "நானும் இதத்தான் செய்றேன்," என்றான். சலேஹாவுக்குப் புரியவில்லை. கிளாடிஸ்தான் விளக்கினாள். சலேஹா சிரித்துவிட்டு, புண் ஆறுகிறவரை நிற்கவே கூடாது என்று கறாராகச் சொல்லி அனுப்பினார்.

புண் ஆற நாளாகியது. மேத்யூ வேளை தவறாமல் மாத்திரை போட்டான். காஜாவின் பட்டறையில் ஓடு ஒரு மூலையில் காத்துக்கிடந்தது. கடைப் பூனை அதைப் படுக்கையாக்கிக்கொண்டது. காஜா அதைப் படம் பிடித்து அனுப்பினான்.

புதுக் கால் வந்த பிறகு, ஒரு சனிக்கிழமை இருவரும் பட்டறைக்குப் போனார்கள். அன்றைய வேலை பெட்டியின் முன்பக்கத்தை மூடுவது. ஊஃபர் உட்காரும் மரவளையத்தைக் குச்சிகளால் ஓட்டின்மேல் நிறுத்தி, அதன்மேல் துணியை இழுத்துப் போர்த்தி, துணியில் ரெசின் பூச வேண்டும். துணியில் சுருக்கம் விழக்கூடாது. மேத்யூ ஒரு பக்கம் பிடித்தான், கிளாடிஸ் எதிர்ப்பக்கம் பிடித்தாள். காஜா, கடைக்கு ஆள் வந்திருப்பதாகச் சொல்லி முன்னால் போயிருந்தான்.

துணியை இழுத்துப் பிடித்தபடி, அவளைப் பார்க்காமலே மேத்யூ கேட்டான்: "ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை.

"சொல்லணும்னுதான் தினமும் வருவேன். நீங்க படுத்திருக்கறதப் பார்த்தா வாய் வராது. காலும் போச்சு, இதுவும் போச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"பெட்டி போனது பரவால்ல. நாற்காலிக்கு இடம் வேணும், எனக்குத் தெரியாதா? ஆனா அன்னைக்கு திரும்பிப் பார்த்தேன் பாரு... இவன் கதை முடிஞ்சுபோச்சு, இனிமே இவனுக்கு எதுக்குப் பாட்டுன்னு நீ நெனச்சிட்டியோன்னு நெனச்சேன்."

கிளாடிஸ் துணியை விட்டுவிடப் பார்த்தாள். "விடாத, விடாத, சுருங்கிரும்," என்றான் அவன். அவள் மறுபடி இழுத்துப் பிடித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கக் கை இல்லை.

"உங்க கதை முடியக்கூடாதுன்னுதான நாற்காலிக்கு இடம் பண்ணுனேன்," என்றாள். "உங்கள வெளிய கூட்டிட்டுப் போகணும்னுதான். நீங்கதான் வெளியவே வரல."

அவன் துணியின் ஓரத்தைத் தாடையால் அழுத்திக்கொண்டு, ஒரு கையை விடுவித்து, அவள் கன்னத்தைப் புறங்கையால் துடைத்தான். கையில் ரெசின் இருந்தது. அவள் தலைமுடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, பிறகு கத்திரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியதாயிற்று.

"நானும் கேட்டிருக்கணும்," என்றான் கடைசியில். "கோவத்த வாயத் தொறந்து சொல்லியிருக்கணும்."

பெட்டி இறுகியதும் காருக்குள் வைத்துப் பார்த்தார்கள். மூலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. காஜா கைதட்டினான். பிறகு வீல்சேரை மடக்கி உள்ளே தள்ளினார்கள். போகவில்லை. இன்னும் ஒரு விரல் அகலம் வேண்டியிருந்தது. தள்ளுகிற கைப்பிடி பெட்டியின் தோளில் போய் முட்டியது. மேத்யூ அளக்கும்போது கைப்பிடியின் ரப்பர் உறையைக் கணக்கில் எடுக்கவில்லை.

"கைப்பிடிய அறுத்துருவோமா?" என்றான் காஜா.

"அப்புறம் நான் எதப் பிடிச்சுத் தள்றது?" என்றாள் கிளாடிஸ்.

மேத்யூ நின்று யோசித்தான். பிறகு காஜாவின் வெட்டும் மெஷினை வாங்கி, அவ்வளவு நாள் செய்த பெட்டியின் தோளில் வைத்தான். கிளாடிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் ஒரு துண்டை வெட்டி எடுத்து, கைப்பிடி வந்து அமர்கிற அளவுக்கு உள்வாங்கிய ஒரு குழியாக அந்த இடத்தை மறுபடி இழை வைத்து மூடினான். அது காய்ந்த பிறகு வீல்சேர் உள்ளே போனது.

குழி வெட்டியதால் பெட்டிக்குள் காற்றுக்கு இடம் குறைந்துபோனது. எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் மரவளையம் ஊறும். மேத்யூ அரிசி கேட்டான்.

"எந்த அரிசி?"

"வீட்டுல இருக்கற அரிசிதான்."

கிளாடிஸ் தலையில் அடித்துக்கொண்டு மூட்டையைக் கொண்டுவந்தாள். பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையை விரித்து, படியால் அளந்து கொட்டினார்கள். ஊஃபருக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடித்தது. அதற்கு ஒரு வழி இருந்தது: உள்ளே தலையணைப் பஞ்சை அடைத்தால் பெட்டி தன் அளவைவிடப் பெரிய பெட்டி மாதிரி வேலை செய்யும். அரிசியைத் திரும்ப எடுத்துக் கட்டிவிட்டு, ஒரு தலையணையைக் கிழித்தார்கள். அந்த மாதம் சோற்றில் ரெசின் வாடை வருகிறதென்று கிளாடிஸ் சொல்லிக்கொண்டே இருந்தாள். மேத்யூவுக்கு வரவில்லை.

கறுப்புக் கம்பளம் ஒட்டி, ஊஃபரைத் திருகி, எம்ப்பை முன்சீட்டுக்கு அடியில் பொருத்தி, முதல்முறையாகப் பாட்டைப் போட்டபோது பட்டறையில் இருந்தவர்களெல்லாம் காரைச் சுற்றி நின்றார்கள். சத்தம் வந்தது. ஆனால் தும் என்று விழவேண்டியது மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி இருந்தது. பின்கதவில் நம்பர் பிளேட் வேறு கடகடவென்று ஆடியது.  மேத்யூவின் முகம் தொங்கிப் போனது.

அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து யோசித்தான். பிறகு இறங்கி, யாருடைய கையையும் பிடிக்காமல் பின்பக்கம் நடந்துபோய், ஊஃபரைக் கழற்றிப் பார்த்தான். சிவப்பும் கறுப்புமான இரண்டு கம்பிகளையும் மாற்றிப் போட்டிருந்தான். முன்னால் இருக்கிற ஸ்பீக்கர்கள் தள்ளும்போது இது இழுத்துக்கொண்டிருந்தது. மாற்றிப் போட்டான். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஸ்பாஞ்சுத் துண்டு வைத்தான். மறுபடி பாட்டைப் போட்டார்கள்.

காஜாவின் பட்டறைத் தகரக்கூரை லேசாக நடுங்கியது. வரிசையாக நின்ற பைக்குகளில் ஒன்றின் கண்ணாடி ஆடியது.

"போலே லா அண்ணே, நல்லாவே வருது!" என்று கத்தினான் காஜா.

மேத்யூ கண்ணை மூடிக் கேட்டான். "பழசு அளவுக்கு இல்ல," என்றான். பிறகு, "பழசுக்கு ரெண்டு ஊஃபர். இது ஒண்ணு. ஒண்ணுக்கு இது போதும்," என்றான்.

லோரி கம்பெனிக்காரர்கள் அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஓட்டுவதற்கு அல்ல. எந்த லோரி எங்கே போகவேண்டும் என்று யார்டிலிருந்து அனுப்புகிற வேலை. முதல் வாரம் அவனுக்கு அது கசந்தது. மற்றவர்கள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பார்ப்பது லேசில்லை. வழி எல்லாம் அவனுக்கு மனப்பாடம் என்பதால் டிரைவர்கள் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள். அதில் கொஞ்சம் ஆறுதல். விவா ஆட்டோ கியர், வலது கால் போதும். ஊனமுற்றோர் லைசன்ஸ் எடுத்து அவனே ஓட்டுகிறான். காலையில் செயற்கைக் காலில் நடப்பான். சாயங்காலம் கால் கனத்துப்போனால் வீல்சேர்தான். அதைத் தானே எடுப்பான், தானே வைப்பான். இனிப்பு நீர் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு மாலையும் கிளாடிஸ் அவனுடைய வலது பாதத்தை மடியில் வைத்து, விரல் இடுக்கு விடாமல் பார்க்கிறாள்.

போன மாதம் மேத்யூவின் தங்கை பட்டர்வொர்த்தில் புதுவீட்டைச் சாமியார் வந்து ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு வைத்திருந்தாள். கால் போன பிறகு அவன் சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்துக்குப் போவது அதுதான் முதல்முறை. வீட்டிலிருந்து இறங்கும்வரை போகலாமா வேண்டாமா என்று சொல்லிக்கொண்டிருந்தான். காரில் ஏறிய பிறகு சொல்வதை நிறுத்திவிட்டான். கடல் பாலத்தில் பாதிதூரம் போனபோது மழை கொட்ட ஆரம்பித்தது. வைப்பர் வேகமாக ஓடியும் முன்னால் போகிற லோரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. மேத்யூ வேகத்தைக் குறைத்தான். காரின் தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் பாட்டு காணாமல் போய்விட்டது.

"பாட்டே கேக்கலையே," என்றாள் கிளாடிஸ். "கூட்டி வைக்கவா?"

"வேணாம். முதுக நல்லாச் சாச்சு உக்காரு."

அவள் சீட்டில் சாய்ந்துகொண்டாள்.

"முதுகுல அந்தத் தும் தும் வருதா?" என்றான் மேத்யூ.

"வருது," என்றாள் அவள்.